ஒருமனதாக நிறைவேறியவை

எங்கள் நகர்மன்றத்தின் ஐந்தாண்டு முடியும் தறுவாயில் இருக்கிறது. 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு, மார்ச் 2 அன்று பதவிப் பிரமாணம். இப்போது வார்டுகளில் சாதனைக் கணக்கு எழுதும் வேலை தொடங்கிவிட்டது. எத்தனை தெருவுக்குப் பேவர் பிளாக் போட்டோம், எத்தனை எல்இடி விளக்கு மாட்டினோம், எத்தனை பேருக்கு முதியோர் உதவித்தொகை வாங்கிக் கொடுத்தோம் என்று துண்டறிக்கை அச்சடிக்கச் சிலர் பணமும் கட்டியாயிற்று. அந்தத் துண்டறிக்கைகளில் வராத கணக்கை இங்கே எழுதுகிறேன். எழுதுவது நான் ஒருத்தி என்றாலும் கணக்கு எங்கள் எல்லாருடையதும்தான். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சுயேச்சை என்று வேறுபாடே இல்லாமல் ஒரே கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் செய்யாமல் விட்டவை இவை. ஊர்ப் பெயர் வேண்டாம். அன்று தேர்தல் நடந்த 138 நகராட்சிகளில் ஒன்று. சுமார் எண்பதாயிரம் பேர் வாழ்கிறார்கள். ஒரு பேருந்து நிலையம், ஒரு வாரச்சந்தை, தூர்ந்துபோன ஓர் ஏரி, ஊருக்கு வெளியே எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும் உரக்கிடங்கு. பக்கத்து ஊர்க்காரர்கள் படித்தாலும் தங்கள் ஊர் என்றுதான் நினைப்பார்கள்.

முதலில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. எங்களுக்கு முந்தைய மன்றம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே நகராட்சியை நடத்தினார்கள். கவுன்சிலர் என்று ஊரில் யாருமே இல்லாத காலம் அது. கொரோனா வந்ததும் போனதும் அந்தக் காலத்தில்தான். நாங்கள் ஓட்டுக் கேட்டுப் போனபோது, "கேக்க ஆளில்லாம கிடந்தோம்" என்று சொன்னவர்கள் உண்டு. "நீங்க இல்லாமயே ஓடுச்சே" என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டாவது சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பிறப்புச் சான்றிதழை அலுவலகம் தரும், குப்பையை ஒப்பந்ததாரர் எடுப்பார், விளக்கை மின்பிரிவு மாட்டும் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர் அங்கே எதற்கு? இதற்குப் பதில் தேடியிருந்தால் மன்றக் கூடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருப்போம். பதில் தேடாமலே வேலையைத் தொடங்கினோம். யார் கதவைத் தட்டினாலும் அவருக்கு ஏதாவது செய்து கொடுப்பதே வேலை என்று ஆனது.

அந்த வேலையை நாங்கள் குறைவில்லாமல் செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் போன் அடிக்கும். சாக்கடை அடைப்பு, செத்த நாய், எரியாத விளக்கு, ரேஷன் கார்டில் விட்டுப்போன பெயர், ஆஸ்பத்திரியில் படுக்கை, காலேஜில் சீட்டு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் நின்றோம். யாரும் எங்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்களிடம் வரத் தெரிந்தவர், வர முடிந்தவர், எங்கள் எண் கையில் உள்ளவர், எங்கள் கட்சிக்கோ சாதிக்கோ தெருவுக்கோ பக்கத்தில் இருப்பவர், இவர்களுக்குத்தான் அந்த ஓட்டமெல்லாம். வராதவர்களுக்காக ஓடுவதற்கு ஓர் இடம் இருந்தது. மாதம் ஒரு முறை கூடும் மன்றம்தான் அது. அதைத்தான் கைவிட்டோம்.

கூட்டம் எப்படி நடக்கும் என்பது வெளியில் உள்ளவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் வீட்டுக்கு ஒரு கட்டு வரும். ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்த அஜெண்டா. சில மாதம் முப்பது பொருள், சில மாதம் எழுபது. ஒவ்வொன்றும் ஒரே நடையில் இருக்கும். இன்ன பணிக்கு இவ்வளவு மதிப்பீடு, மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது. அவசர அவசியம் கருதி தலைவரின் முன் அனுமதி பெற்றுச் செய்யப்பட்ட இன்ன செலவு, மன்றத்தின் பதிவுக்கு வைக்கப்படுகிறது. எங்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது எங்கள் வார்டு எண்ணை. அது இருந்தால் திருப்தி, இல்லையென்றால் கூட்டத்தில் சத்தம் போட ஒரு விஷயம் கிடைத்தது. மற்றப் பக்கங்களைப் புரட்டுவதே இல்லை. கூட்டத்தன்று தலைவர் வந்து உட்காருவார், திருக்குறள் வாசிப்பார்கள், எழுத்தர் பொருள் எண்களைப் படிக்கத் தொடங்குவார். பத்தாவது எண்ணைத் தாண்டும் முன் யாராவது "ஆல் பாஸ்" என்பார். மேசையைத் தட்டுவோம். அதற்குப் பிறகு அவரவர் வார்டுக் குறைகளைப் பேசும் நேரம். அதில் உரக்கப் பேசுபவரின் படம் மறுநாள் பேப்பரில் வரும். மினிட் புத்தகத்தில் எல்லாப் பொருளுக்கும் எதிரே ஒரே வரிதான் இருக்கும்: மன்றம் ஒருமனதாக அனுமதித்தது.

எங்கள் வார்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போட்டு எங்கள் தீர்மான நகல்களை வாங்கி வைத்திருந்தார். ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு டீப்பாயின் மேல் சில பக்கங்களை வரிசையாகப் பரப்பினார். ஒரே தலைமை நீரேற்று நிலையம், ஒரே நீர்மூழ்கி மோட்டார். சில மாத இடைவெளியில் பழுது நீக்கச் செலவு, ரீவைண்டிங் செலவு, மறுபடி பழுது நீக்கச் செலவு. பென்சிலால் கூட்டி ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தத் தொகைக்குப் புது மோட்டாரே வாங்கியிருக்கலாம், மிச்சமும் இருந்திருக்கும். எதுவும் தனித்தனியாகப் பார்த்தால் தப்பாகத் தெரியாது. மோட்டார் என்றால் பழுதாகும்தான். ஆனால் போன கூட்டத்தின் பக்கத்தையும் இந்தக் கூட்டத்தின் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களில் ஒருவர்கூட மெனக்கெடவில்லை. "இத்தனை கூட்டத்துக்கும் வருகைப் பதிவேட்டுல உங்க கையெழுத்து இருக்கேம்மா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. பரீட்சைத் தாளைத் திருத்தும்போது சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

தண்ணீர் விஷயத்தை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தவறு முழுவதும் அந்த ஒரு குழாய்க்குள் இருக்கிறது.

எங்கள் ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது. மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, வால்வைத் திறந்து, பகுதி பகுதியாக விடுவார்கள். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வர வேண்டும் என்பது நாடு முழுவதும் பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. எங்கள் ஊரில் தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்களில் அதைவிடவும் கூடுதலாகவே பாய்கிறது. அங்கேதான் புதிய மாடி வீடுகள். கீழே சம்ப், மேலே சின்டெக்ஸ், குழாயிலேயே நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். இது கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். எப்போதாவது அலுவலகம் கிளம்பி வந்து நாலு மோட்டாரைக் கழற்றி எடுத்துப்போகும். அன்று மாலைக்குள் அந்த வார்டு உறுப்பினர் பேசி மீட்டுக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் எல்லா வார்டிலும் இது நடந்திருக்கிறது.

ரயில்வே லைனைத் தாண்டி, குழாய் முடியும் இடத்தில் ஒரு தெரு இருக்கிறது. தூய்மைப் பணியாளர் குடும்பங்கள்தான் அதிகம். ஊரைக் கூட்டுகிறவர்களை ஊரின் கடைசியில் குடிவைத்தது தற்செயலாக நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தத் தெருவில் குழாய்கள் தரைக்கு மேல் இல்லை. அழுத்தம் இல்லாததால் தண்ணீர் மேலே ஏறாது. அதனால் ஒவ்வொரு வீட்டின் முன்பும் இடுப்பளவு குழி தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி விட்டிருக்கிறார்கள். தண்ணீர் வரும் நாளில் ஒரு பெண் குழிக்குள் இறங்கிக் குந்திக்கொண்டு சொம்பால் மொண்டு மொண்டு மேலே கொடுப்பாள். மேலே நிற்பவள் குடத்தில் ஊற்றுவாள். பக்கத்தில் திறந்த சாக்கடை. மழை பெய்தால் குழி நிறைய அந்தத் தண்ணீர்தான். குழாய் வாயை ஒரு துணியைச் சுற்றி அடைத்து வைத்திருப்பார்கள். அங்கே வயிற்றுப்போக்கு வந்தபோது சுகாதார அலுவலர் வந்து குளோரின் மாத்திரை கொடுத்தார். நாங்களும் கூடப் போய் நின்றோம். படம் எடுத்தார்கள்.

அந்தப் பகுதிக்கு வால்வு திறப்பவர் ஒப்பந்தப் பணியாளர். விடியற்காலை நாலு மணிக்கு சைக்கிளில் நீளமான திருகுசாவியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். கடைசித் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று ஒரு முறை நான் அவரைக் கடிந்து பேசினேன். அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். முந்தின நாள் காலை வந்த அழைப்புகள். பட்டியலில் இருந்த பெயர்கள் எல்லாம் எங்கள் பெயர்கள். "ஒரு அரை மணி நேரம் சேத்து விடுங்கன்னு ஆளாளுக்கு சொல்றீங்கக்கா. எல்லாருக்கும் சேத்துதான் விடறேன். தொட்டி ஒண்ணுதானேக்கா?"

இதற்குப் பிறகு யாரைக் கடிந்துகொள்வது? எங்களில் யாரும் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகக்கூடாது என்று நினைத்தவர் இல்லை. ஒருவர் தன் வார்டில் நடக்கவிருந்த கல்யாண வீட்டுக்காகக் கேட்டார். இன்னொருவர் தன் தெருப் பெண்கள் வந்து வாசலில் நின்றதால் கேட்டார். நானும் கேட்டிருக்கிறேன். தனித்தனியாக ஒவ்வொன்றும் உதவி. எல்லாம் சேர்ந்தபோது ஒரு தெரு மொத்தமும் குழிக்குள் இறங்கியது. அந்த வார்டு உறுப்பினர் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து பேசினார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அவர் பேசும்போது நாங்கள் டீ குடித்தோம், பக்கத்தில் உள்ளவரோடு பேசினோம். அது அவர் வார்டுப் பிரச்சினை என்று இருந்துவிட்டோம். எந்தத் தொட்டியில் எந்த வால்வு எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்று ஒரே ஒரு அட்டவணையை மன்றத்தில் வைத்துத் தீர்மானமாகப் போட்டிருந்தால் போதும். எங்கள் யாருடைய போனுக்கும் அந்தப் பணியாளர் பயந்திருக்க வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தீர்மானங்களை ஒருமனதாக நிறைவேற்றிய மன்றம் அந்த ஒன்றைக் கொண்டுவரவில்லை. அட்டவணை வந்துவிட்டால் அரை மணி நேரம் கூட்டிக் கொடுக்கும் அதிகாரம் எங்கள் கையை விட்டுப் போய்விடும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஈரோட்டில் பெரியாரும் சேலத்தில் ராஜாஜியும் நகராட்சித் தலைவர்களாக இருந்தவர்கள். ஈரோட்டில் வீதிக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்ததைப் பெரியாரின் வாழ்க்கையில் முக்கியமான வேலையாக இன்றும் சொல்கிறார்கள். மேடை ஏறும்போதெல்லாம் நாங்களும் இதைச் சொன்னோம். உத்தரமேரூர்க் கல்வெட்டையும் விடவில்லை. அதில் கணக்குக் காட்டாதவரைக் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்று வைத்திருக்கிறார்களே, அந்த வரியில் யாரும் நின்று பேசியதில்லை.

குழிக்குள் இறங்குவது தண்ணீருக்காக மட்டும் இல்லை. பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் எங்களுக்குத்தான் முதல் போன். "இன்னைக்கே எடுத்தாகணும்" என்று நாங்கள் சுகாதார ஆய்வாளரைப் பிடிப்போம். ஊருக்கு இருப்பது ஒரே ஒரு ஜெட் ராடிங் வண்டி. அது வேறு வார்டில் நிற்கும், அல்லது பழுதாகி நிற்கும். எங்கள் அவசரத்துக்கு என்ன வழி செய்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. மாலையில் அடைப்பு எடுத்தாச்சு என்று செய்தி வரும், நன்றி சொல்லி வைப்போம். மனிதரை இறக்கக்கூடாது என்று 2013இல் சட்டம் வந்தாயிற்று. அதற்கடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. எங்கள் ஊரில் அப்படி ஒரு சாவு நடக்கவில்லை. அதற்கு நாங்கள் செய்த காரியம் எதுவும் காரணம் இல்லை என்பது எங்கள் மனசாட்சிக்குத் தெரியும். இரண்டாவது வண்டி வேண்டும் என்று கேட்டு நாங்கள் ஒரு தீர்மானம்கூடக் கொடுக்கவில்லை. அதே பதவிக்காலத்தில் பூங்காவுக்கு நுழைவு வளைவு கட்டினோம். வளைவில் எங்கள் பெயர்கள் கல்லில் இருக்கின்றன.

தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறோம். மாவட்ட ஆட்சியர் ஒரு தினக்கூலி நிர்ணயித்திருக்கிறார். பணியாளர் கைக்குப் போவது அதைவிடக் குறைவு என்பது ஊரில் யாருக்கும் ரகசியம் இல்லை. பி.எப்., இ.எஸ்.ஐ. என்று பிடிக்கிறார்கள், கட்டிய ரசீது யார் கையிலும் இல்லை. ஒப்பந்ததாரரின் பில் எங்கள் முன் வந்துதான் போகிறது. ரசீதை இணைத்தால்தான் பில் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். தீபாவளிக்கு எல்லாப் பணியாளருக்கும் ஆளுக்கு ஒரு புடவையும் ஒரு பெட்டி இனிப்பும் கொடுத்தோம். கொடுத்தபோது எங்கள் மனசு உண்மையாகவே நிறைந்திருந்தது. அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியைப் பற்றி அந்த நாளிலும் யோசிக்கவில்லை.

சொத்து வரிக்கு வருகிறேன். நாங்கள் பதவியேற்ற அடுத்த மாதமே, 2022 ஏப்ரலில், வரி உயர்வு வந்தது. குடியிருப்புகளுக்கு 600 சதுர அடிவரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னைக்கு வெளியே அதுவரை நடப்பில் இருந்தது 2008இல் திருத்திய வரிதான். ஒன்றிய நிதிக்குழுவின் மானியத்துக்கும் வரிச் சீரமைப்பு ஒரு நிபந்தனையாக இருந்தது. உயர்த்த வேண்டிய நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்து வாசலில் கோஷம் போட்டார்கள், ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மேசை தட்டினார்கள். வார்டுக்குத் திரும்பியதும் இரு தரப்பும் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "மேலிடத்து உத்தரவுங்க, எங்க கையில ஒண்ணும் இல்ல."

எங்கள் கையில் இருந்தது என்ன என்று சொல்கிறேன். வரி மேல்முறையீட்டுக் குழு எங்களுடையது. பிரதான சாலையில் எந்தக் கல்யாண மண்டபம் வீட்டு வரி கட்டுகிறது, மூன்று மாடி லாட்ஜில் எத்தனை மாடி பதிவேட்டில் இருக்கிறது, எந்த மில் குடோன் காலிமனையாகவே கிடக்கிறது என்று பில் கலெக்டருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தக் கட்டடங்களை மறு அளவீடு செய்யச் சொல்லித் தீர்மானம் கொண்டுவர எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அந்த மண்டபங்களில்தான் எங்கள் கட்சிக் கூட்டம் நடக்கும், எங்கள் பிள்ளைகளின் கல்யாணம் வாடகைச் சலுகையில் நடக்கும். கட்ட வேண்டியவர்கள் கட்டாததை ஓட்டு வீட்டுக்காரர்கள் சேர்த்துக் கட்டினார்கள். நிலுவை என்று அவர்கள் வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டித்தபோதுதான் நாங்கள் ஓடிப்போய்த் தவணை வாங்கிக் கொடுத்து நன்றி பெற்றோம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. 2023 ஜூலை முதல் நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். அதற்கு முன் கூட்டத்துக்கு வந்தால் கிடைக்கும் அமர்வுப்படிதான். இந்தப் பணத்தில் ஒரு வார்டைச் சுற்றிவரப் பெட்ரோல்கூடப் போட முடியாது. தேர்தலில் செலவழித்தது வேறு ஒவ்வொருவர் தலையிலும் கடனாக இருந்தது. வேலைக்கு இத்தனை சதவீதம் என்று வாங்கியவர்கள் எங்களில் உண்டு. ஊருக்குத் தெரிந்ததை நான் மறைத்து ஆவதொன்றுமில்லை. வாங்காதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன், நானும் அந்த வரிசையில் இருப்பதால். கை சுத்தமாக இருக்கிறது என்பதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. போட்ட மூன்றாம் மாதமே பெயர்ந்த ரோட்டைப் பார்த்து, "நான் அதுல பத்துப் பைசா வாங்கல" என்று சொல்லிக் கடந்து போனோம். கனம் எவ்வளவு என்று தோண்டிப் பார்க்கச் சொல்லவில்லை, ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையை நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. உடன் உட்கார்ந்திருப்பவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்று இருந்துவிட்டோம். ரோட்டில் விழுந்து கை உடைந்த பால்காரருக்கு எங்கள் கை சுத்தத்தால் என்ன லாபம்?

எங்களில் பாதிப்பேர் பெண்கள். ஐம்பது சதவீத இடஒதுக்கீட்டுக்கு 2016இல் சட்டம் வந்தது, நகரங்களில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது எங்கள் தேர்தலில்தான். இதற்காகப் பல்லாண்டு போராடிய பெண்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லப் போகிறோம்? வார்டு மக்களிடம் கொடுத்த எண் பலருக்குக் கணவருடைய எண். தெருவில் ஆய்வுக்குப் போனால் முன்னால் நடப்பவர் அவர். "கவுன்சிலர் வந்துட்டாரு" என்று சொல்வது அவரைப் பார்த்துத்தான். கூட்டத்துக்குள் வர முடியாததால் வராந்தாவில் உட்கார்ந்து, எந்தப் பொருளில் என்ன பேச வேண்டும் என்று துண்டுச் சீட்டு அனுப்பியவர்களும் உண்டு. எங்களுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். திட்டு வாங்குவதும் அலைவதும் அவர் பாடு என்று விட்டுவிட்டோம். பொதுக் கழிப்பிடத்தில் தாழ்ப்பாள் இல்லை, சந்தைக்கு வரும் பெண் வியாபாரிகள் காலையிலிருந்து மாலைவரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மன்றத்தில் எங்களைத் தவிர யாருக்குத் தோன்றும்? பாதிக் கூடம் நிறையப் பெண்கள் இருந்த மன்றத்தில் அது ஒருநாளும் பொருளாக வரவில்லை. அதே வியாபாரிகளுக்காக 2014 முதல் ஒரு சட்டமே இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதம் அவர்கள் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் குழு கூடியதாக எங்களில் யாருக்கும் நினைவில்லை. முக்கியப் பிரமுகர் வருகை என்றால் அவர்களின் கூடைகளை அப்புறப்படுத்துவதற்கு மட்டும் ஆள் வந்தது.

இதையெல்லாம் சொல்லவும் தட்டிக் கேட்கவும் மக்களுக்கு ஓர் இடம் சட்டப்படியே கிடைத்தது. மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர்களில்தான் வார்டு குழு கட்டாயம் என்று அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் சொன்னது. எங்களைப் போன்ற சின்ன ஊர்கள் அதில் விடுபட்டுப் போயின. தமிழ்நாட்டில் 2022இல் விதிகள் வந்தபோது எங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை எல்லாம் வந்தன. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று மாநிலம் முழுக்கப் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார்.

எங்கள் ஊரில் என்ன நடந்தது? குழுவுக்குப் பெயர் கேட்டு வந்த தாளில் எங்கள் கட்சிக்காரர் பெயரையும் மைத்துனர் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். முதல் கூட்டத்துக்கு ஷாமியானா போட்டோம், சுண்டல் கொடுத்தோம். அங்கே ஒரு பெண் எழுந்து உரக்கிடங்குப் புகையால் தன் மகனுக்கு மூச்சுத்திணறல் வருவதைச் சொல்லத் தொடங்கினார். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்து வாங்க வேண்டும் என்று 2016இலேயே விதி வந்துவிட்டது, வீட்டில் பிரித்துக் கொடுத்தாலும் உங்கள் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள் என்று கேட்டார். "மனுவா எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா" என்றோம். மனுவை வாங்கியபோது படம் எடுத்துக்கொண்டோம். அதற்கடுத்த சபைகளுக்கு ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்லவில்லை. கையெழுத்துத் தாளை வீடு வீடாக அனுப்பி நிரப்பினோம். பத்துப் பேர் முன்னால் நின்று பதில் சொல்வதைவிட, பத்துப் பேர் வீட்டில் தனித்தனியாக உதவி செய்வது எங்களுக்கு எளிதாக இருந்தது. அந்தப் பெண் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். புகை அடங்கவில்லை. எங்கள் அறிக்கைகளில் எல்லாப் பகுதி சபைகளும் நடந்தவையாகவே இருக்கின்றன.

அதிகாரிகள் கேட்க மாட்டார்கள், மாநில அரசு நிதியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பேரை மட்டும் கொடுத்திருக்கிறது, கட்சி மேலிடம் சொன்னபடிதான் தலைவரைத் தேர்ந்தெடுத்தோம் என்றெல்லாம் எங்கள் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. பொய்யும் இல்லை. ஆணையாளர் மாறுதலில் போனால் புதியவருக்கு ஊரின் தெருப் பெயரே தெரிய ஆறு மாதம் ஆகிறது. பாதாளச் சாக்கடைப் பணிக்கும் குடிநீர்த் திட்டத்துக்கும் பணம் எங்கிருந்து வரும், எப்போது வரும் என்று எங்களைக் கேட்டு யாரும் முடிவு செய்வதில்லை. ஆனால் மேலே எழுதியிருப்பவற்றில் எதற்கும் கோட்டையில் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. வால்வு நேரம், பி.எப். ரசீது, மண்டபத்தின் அளவு, கழிப்பிடத்தின் தாழ்ப்பாள். எல்லாம் அந்தக் கூடத்துக்குள்ளேயே முடிந்திருக்கும்.

சில மாதங்களுக்கு முன் எங்களில் சிலர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். மூன்று கட்சிக்காரர்களும் ஒரு சுயேச்சையும் அதில் உண்டு. குடிநீர் விடும் நேரத்தைத் தொட்டி வாரியாக மன்றப் பொருளாக வைக்க வேண்டும், கடைசித் தெருவிலிருந்து தொடங்க வேண்டும். தூய்மைப் பணி பில்லோடு கூலிப் பட்டியலும் பி.எப். ரசீதும் இணைக்க வேண்டும். வால்வு நேரத்தை மாற்றச் சொல்லி எந்த உறுப்பினர் போன் செய்தாலும் அவர் பெயரையும் நேரத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதி, மாதாமாதம் மன்றத்தின் பார்வைக்கு வைக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருந்தோம். கையெழுத்துக்காக ஒரு மூத்த உறுப்பினரிடம் போனபோது நிதானமாகப் படித்தார். "அந்த மூணாவத மட்டும் எடுத்துடும்மா, மத்ததுக்குப் போடறேன்" என்றார். எடுக்கவில்லை. அவரும் போடவில்லை.

கடிதம் கொடுத்த பிறகு வந்த அஜெண்டாவில் அது இல்லை. கேட்டதற்கு, ஆய்வில் இருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடைசித் தெருவின் வார்டு உறுப்பினர்தான் இந்த முறை கடிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். முதலில் இருந்ததைவிட இரண்டு கையெழுத்து கூடியிருக்கிறது.